கொழும்பிலிருந்து பாடுகிறவர் எந்தத் தளத்தில் இருக்க வேண்டும்?

2020 ஜூன் 29ஆம் திகதி இந்திய அரசு டிக்டொக் உட்பட 59 செயலிகளைத் தடை செய்தது. வெள்ளவத்தையில் ஓர் அறைக்குள் இருந்து பாட்டு எழுதும் ஒருவருக்கு அந்த அறிவித்தலால் என்ன வந்துவிடப் போகிறது? நிறையவே வருகிறது. தமிழ்ப் பாட்டுக் கேட்பவர்களில் மிகப் பெரிய கூட்டம் தமிழ்நாட்டில் இருக்கிறது. அங்கே அன்றிலிருந்து டிக்டொக் இல்லை. இலங்கையில் இருக்கிறது, பிரான்ஸில், சுவிஸில், கனடாவில், மலேசியாவில் இருக்கிறது. ஆகவே நீங்கள் டிக்டொக்கில் போடும் பாட்டு பாரிஸில் இருக்கும் மச்சானுக்குப் போய்ச் சேரும். ஒன்றரை மணி நேரத்தில் பறந்து போகக்கூடிய சென்னையில் இருப்பவர் அதைத் திறக்கவே முடியாது.

புதிதாகப் பாட்டு வெளியிடுகிறவர்கள் "எந்தத் தளம் நல்லது?" என்று கேட்டால் கிடைக்கும் வழக்கமான பதில், "எல்லாவற்றிலும் போடுங்கள்." வீடியோ வெட்ட ஒருவர், படம் பிடிக்க ஒருவர், பதில் எழுத ஒருவர் என்று ஆள் வைத்திருப்பவருக்கு அது சரி. பகலில் வேலைக்குப் போய், இரவில் பாட்டு எழுதி, வாடகை ஸ்டூடியோவில் பதிவு செய்கிற ஆளுக்கு அது களைப்பை மட்டும்தான் தரும். அவர் தெரிந்தெடுத்தாக வேண்டும். யார் எந்த நாட்டில் இருந்து கேட்கப் போகிறார்கள் என்று முதலில் முடிவு செய்துவிட்டால், தளத்தைத் தெரிந்தெடுப்பது அவ்வளவு கடினமில்லை.

இரசிகர் என்று யாரைச் சொல்வது

ஒரு வீடியோவை ஐம்பதாயிரம் பேர் பார்த்தால் ஐம்பதாயிரம் இரசிகர்கள் என்று அர்த்தமில்லை. பார்த்தவர்களில் பலர் மூன்று செக்கன் பார்த்துவிட்டுத் தள்ளிவிட்டுப் போனவர்கள். கொஞ்சப் பேர் முழுதாகக் கேட்டவர்கள். அதிலும் கொஞ்சப் பேர் உங்கள் பக்கத்தைப் பின்தொடர்பவர்கள். இவர்களுக்கும் உள்ளே ஒரு சிறு கூட்டம் இருக்கிறது: உங்கள் பெயரை ஞாபகம் வைத்துத் தேடுபவர்கள், அடுத்த பாட்டு எப்போது என்று கேட்பவர்கள், கொழும்புத் தமிழ்ச் சங்க மண்டபத்திலோ கதிரேசன் மண்டபத்திலோ நிகழ்ச்சி என்றால் டிக்கெட் எடுத்து வருபவர்கள். அந்தச் சிறு கூட்டத்தைத்தான் இரசிகர் என்று சொல்ல வேண்டும். தளங்கள் பெரிதாகக் காட்டும் எண்ணிக்கை வெளிவட்டத்தின் எண்ணிக்கை. உள்வட்டத்தை எந்தத் தளமும் எண்ணிக் காட்டுவதில்லை.

பணம் கொடுத்துப் பின்தொடர்பவர்களை வாங்கும் பழக்கம் நம் ஊரிலும் இருக்கிறது. வேண்டாம். பின்தொடர்பவர்களில் பாதிப் பேர் வெறும் கணக்குகளாக இருந்தால் புதிய வீடியோவை அவர்கள் பார்ப்பதும் இல்லை, பகிர்வதும் இல்லை. இதை யாரும் விரும்பவில்லை என்று தளம் எடுத்துக்கொண்டு, உண்மையான ஆட்களுக்குக் காட்டுவதையும் குறைத்துவிடும்.

தேடி வருவது, தானாக வந்து விழுவது

சமூக வலைத்தளங்களில் பாட்டு மனிதரிடம் போய்ச் சேர இரண்டு பெரிய வழிகள் உண்டு. ஒன்று, அவராகவே தேடி வருவது. மற்றது, அவர் கேட்காமலே தளம் எடுத்து அவர் முன் வைப்பது. இரண்டாவதற்கு நல்ல உதாரணம் காலி வீதி பஸ்ஸில் ஓடும் எப்.எம். நீங்கள் கேட்க நினைக்கவில்லை, ஆனாலும் பம்பலப்பிட்டியில் ஏறித் தெஹிவளையில் இறங்குவதற்குள் நான்கு பாட்டு காதில் விழுந்துவிடுகிறது. ஒன்று பிடித்துப்போகிறது. யார் பாடியது என்று தெரியாமலே இறங்கிவிடுகிறீர்கள்.

டிக்டொக், இன்ஸ்டகிராம் ரீல்ஸ், யூடியூப் ஷோர்ட்ஸ் மூன்றும் இந்த இரண்டாவது வகை. உங்களை அறியாத மனிதரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பதில் கெட்டிக்காரத்தனமானவை. பின்தொடர்பவர் ஒருவருமே இல்லாத புதிய கணக்கின் வீடியோவும் ஆயிரக்கணக்கானோருக்குப் போகலாம். ஆனால் பெயர் பதிவதில்லை. பிடித்த பாட்டின் பாடகர் யார் என்று அறிய ஒரு மாதம் கழித்துத் தேடுகிறவர் எங்கே போவார்? பெரும்பாலும் யூடியூபுக்குத்தான். அங்கே முழுப்பாட்டு இல்லையென்றால் அவரை இழந்துவிட்டீர்கள்.

2021இல் இது நம் கண் முன்னாலேயே நடந்தது. அந்த மே மாதம் யொஹானியும் சதீஷனும் சேர்ந்து பாடிய 'மெனிகே மகே ஹிதே' சிங்களப் பாட்டு யூடியூபில் வந்தது. பாட்டின் மூல வடிவம் அதற்கு முந்திய ஆண்டே சதீஷன் வெளியிட்டது. இந்தியாவில் டிக்டொக் இல்லாத காலம் அது. அங்கே மக்கள் இன்ஸ்டகிராம் ரீல்ஸில் அந்தப் பாட்டுக்கு ஆடினார்கள், வாயசைத்தார்கள். திரைப் பிரபலங்களும் பகிர்ந்தார்கள். முழுப்பாட்டையும் கேட்கத் தேடியவர்களுக்கு யூடியூபில் பாட்டு தயாராக இருந்தது. சில மாதங்களில் அது பத்துக் கோடி பார்வைகளைத் தாண்டியது. சிங்களம் ஒரு சொல்லும் தெரியாதவர்கள்தான் அதில் பெரும்பாலானோர். இப்படி ஒரு வெற்றியைத் திட்டமிட்டுச் செய்ய முடியாது, அதை நினைத்துப் பாட்டும் எழுதக் கூடாது. பாட்டு நகர்ந்த பாதையை மட்டும் பாருங்கள்: துண்டு ஒரு தளத்தில் பரவியது, முழுப்பாட்டு இன்னொரு தளத்தில் காத்திருந்தது.

யூடியூப்: இதை விட முடியாது

என் கருத்தில், தமிழில் பாடுகிற எவருக்கும் யூடியூப் விருப்பத் தெரிவு அல்ல. இலங்கை, தமிழ்நாடு, மலேசியா, வளைகுடா, ஐரோப்பா, கனடா என்று தமிழர் வாழும் எல்லா இடங்களிலும் எல்லா வயதினரும் பயன்படுத்தும் ஒரே தளம் அதுதான். பேரன் போனில் பார்ப்பான், அம்மம்மா டீவியில் பார்ப்பார். பத்து வருடத்துக்கு முன் போட்ட பாட்டை இன்றும் ஒருவர் தேடிக் கண்டுபிடிப்பார். ரீல்ஸுக்கு அந்த ஆயுள் கிடையாது. ஒரு வாரம் ஓடினாலே பெரிய விஷயம்.

தேடலில் அகப்பட வேண்டுமென்றால் தலைப்பில் கவனம் வேண்டும். தமிழ்ப் பாட்டைத் தேடுகிற பலர் தமிழ் எழுத்தில் தட்டுவதில்லை. தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் தட்டுகிறார்கள், அதுவும் ஆளுக்கொரு விதமாக. ஆகவே தலைப்பில் இரண்டு எழுத்திலும் பாட்டின் பெயர் இருக்கட்டும். பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் பெயர்களும் பாடல் வரிகளும் கீழே விளக்கத்தில் இருக்கட்டும். கேட்டவருக்கு ஞாபகம் இருப்பது பல நேரங்களில் ஒரு வரி மட்டும்தான்.

கொழும்பில் இருப்பவருக்கு இன்னொரு வசதி உண்டு. பக்கத்து வீட்டில் சிங்களம் பேசுபவர் இருக்கிறார், அவர் தாளத்துக்குத் தலையாட்டக் கூடியவர். 'சுராங்கனி'யைப் பாடிய சிலோன் மனோகரின் காலத்திலேயே பைலாவும் தமிழும் ஒரே மேடையில் கலந்துவிட்டன. யூடியூபில் ஒரே வீடியோவுக்குப் பல மொழிகளில் வசன வரிகள் சேர்க்கலாம். சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் சேர்க்க நண்பர் ஒருவரின் அரை நாள் போதும். இதைச் செய்கிற தமிழ்க் கலைஞர்கள் குறைவு, ஏனென்று எனக்கு விளங்குவதில்லை.

பணம் பற்றியும் கேட்பீர்கள். யூடியூபில் விளம்பர வருமானம் வர 1,000 சந்தாதாரர் வேண்டும். அதோடு கடந்த 12 மாதத்தில் 4,000 மணி நேரம் பார்க்கப்பட்டிருக்க வேண்டும், அல்லது கடந்த 90 நாளில் ஷோர்ட்ஸுக்கு ஒரு கோடி பார்வைகள் வந்திருக்க வேண்டும். 4,000 மணி நேரம் என்பது நான்கு நிமிடப் பாட்டை 60,000 தடவை முழுதாகக் கேட்பது. ஷோர்ட்ஸ் வரிசையில் பார்க்கப்படும் நேரம் இந்த 4,000 மணிக் கணக்கில் சேராது. அதன் பிறகும் 100 டொலர் சேர்ந்தால்தான் பணம் வங்கிக்கு வரும். முதல் வருடத்தில் ஸ்டூடியோ வாடகையை இதில் எடுத்துவிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள்.

குட்டி வீடியோ: மூன்றில் எது?

இங்கேதான் நாடு முக்கியமாகிறது. உங்கள் பாட்டு கொட்டாஞ்சேனை, யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, மலையகம் என்று இலங்கை இளைஞர்களுக்கானதா? அல்லது ஐரோப்பாவில் வளரும் தமிழ்ப் பிள்ளைகளுக்கானதா? அப்படியென்றால் டிக்டொக்கில் தொடங்கலாம். தமிழ்நாட்டுக் காதுகள் வேண்டுமென்றால் இன்ஸ்டகிராம். ரீல்ஸ் பல நாடுகளில் 2020 ஓகஸ்டில் வந்தது. இந்தியாவில் டிக்டொக் தடையான சில நாட்களிலேயே அதன் முன்னோட்டம் தொடங்கிவிட்டது. யூடியூப் ஷோர்ட்ஸும் அதே ஆண்டு செப்டெம்பரில் இந்தியாவில்தான் முதலில் இறங்கியது. காலியான இடத்தைப் பிடிக்க இரு நிறுவனங்களும் ஓடிய ஓட்டம் அது.

ஒரே துண்டை மூன்றிலும் போட்டால் என்ன என்று கேட்கலாம். போடலாம், கூடுதல் வேலை சில நிமிடம்தான். ஆனால் ஒரு தளத்தின் நீர்க்குறி (வீடியோவின் மேல் பதியும் அதன் சின்னம்) தெரியும் வீடியோவை மற்றத் தளத்தில் ஏற்ற வேண்டாம். அப்படிப்பட்ட ரீல்ஸைப் பரிந்துரைப்பதைக் குறைப்பதாக இன்ஸ்டகிராம் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறது. வெட்டி முடித்த மூல வீடியோவைக் கையில் வைத்துக்கொண்டு தனித்தனியாக ஏற்றுங்கள். போடுவது மூன்றில் என்றாலும், கொமண்டுக்குப் பதில் எழுதுவது, மற்றவர்களின் வீடியோவுக்குள் போய்ப் பேசுவது எல்லாம் ஒன்றில் போதும். ஆட்கள் ஒட்டிக்கொள்வது அந்தப் பேச்சில்தான்.

எந்தத் துண்டை வெட்டுவது என்பது தனிக் கலை. முன்னிசை முப்பது செக்கன் ஓடும் பாட்டை அப்படியே போட்டால் யாரும் நிற்கமாட்டார்கள். பல்லவியின் சூடான வரியில் தொடங்குங்கள். மற்றவர்கள் அந்த ஒலியை எடுத்துத் தங்கள் வீடியோவுக்குப் பயன்படுத்த விடுங்கள். கல்யாண வீடு, பிறந்தநாள், மழை, பிரிவு என்று ஏதாவது ஒரு சந்தர்ப்பத்துக்குப் பொருந்தும் வரி உங்கள் பாட்டில் இருந்தால் அதுவே அதிக தூரம் போகும்.

கணக்குத் திறக்கும்போது ஒரு சின்ன விஷயம். இன்ஸ்டகிராமிலும் டிக்டொக்கிலும் வணிகக் கணக்கு என்று தெரிந்தெடுத்தால் பிரபல பாடல்களைப் பயன்படுத்தும் உரிமை மிகவும் சுருங்கிவிடும். கலைஞருக்கு இன்ஸ்டகிராமில் படைப்பாளிக் கணக்கும் டிக்டொக்கில் தனிப்பட்ட கணக்குமே பொருத்தம்.

பேஸ்புக் செத்துவிட்டதா?

இளைஞர்கள் அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் பாட்டு கேட்பவர்கள் எல்லோரும் இருபது வயதுக்காரர்கள் இல்லையே. ஊர்ச் சங்கங்கள், பழைய மாணவர் சங்கங்கள், கோயில் பரிபாலன சபைகள் எல்லாம் இன்னும் பேஸ்புக்கில்தான் கூடுகின்றன. லண்டனிலோ டொரொண்டோவிலோ ஊர்ச் சங்கம் ஆண்டு விழா வைத்து இலங்கையில் இருந்து பாடகரை அழைக்க நினைத்தால், அதை முடிவு செய்பவர் ஐம்பது வயதுக்காரர். அவர் டிக்டொக்கில் உங்களைத் தேடப் போவதில்லை. பக்திப் பாடல் பாடுபவருக்குப் பேஸ்புக் இன்னும் தங்கம்; கொடியேற்றத்துக்கு இரண்டு வாரத்துக்கு முன் அந்தக் கோயில் பாட்டைப் போட்டால் ஊரே பகிரும். முன்பு இதற்கு இறுவட்டு வெளியீட்டு விழா வைப்பார்கள், பொன்னாடை போர்த்துவார்கள், முதல் பிரதியைப் பிரமுகர் ஒருவர் வாங்குவார். இன்றைக்கு இறுவட்டைப் போட்டுக் கேட்க மடிக்கணினியில் துவாரம்கூட இல்லை.

சரி, ரப் பாடுகிறவர்? டிக்டொக்கோ இன்ஸ்டகிராமோ, கூட யூடியூப். பேஸ்புக்கில் நேரம் செலவழிக்கத் தேவையில்லை. கர்நாடக இசைக்காரருக்கு நேர் எதிர்: ஓர் இராகத்தை விரிக்க இருபது நிமிடம் வேண்டும், அதை அறுபது செக்கனில் அடக்கினால் இராகமே மிஞ்சாது. அவருக்கு யூடியூபில் முழுக் கச்சேரி, பேஸ்புக்கில் இசைப் பிரியர்களின் குழுக்கள். துண்டு போடத்தான் வேண்டுமென்றால் ஒரு சங்கதியை எப்படிப் பிடிப்பது என்று காட்டும் வீடியோ நன்றாகப் போகும். கல்யாண வீடுகளில் சினிமாப் பாட்டுப் பாடும் இசைக்குழுவுக்கு உண்மையில் இரசிகர் கூட்டம் தேவையா என்பதே கேள்வி. அவர்களுக்கு வேண்டியது முன்பதிவு. தொலைபேசி இலக்கம் தெளிவாக உள்ள பேஸ்புக் பக்கமும், மண்டபத்தில் சனம் ஆடும் நான்கு வீடியோவும் போதும்.

ஸ்பொட்டிபை எங்கே என்று கேட்பவர்களுக்கு: அது 2021 பெப்ரவரியில் இலங்கைக்கு வந்தது, பாட்டு அங்கே இருப்பது நல்லது. ஆனால் அது பாட்டுக் கேட்கும் இடம், ஆட்களோடு பேசும் இடம் இல்லை. நேரடியாக ஏற்றவும் முடியாது. விநியோக நிறுவனம் ஒன்றின் வழியாகத்தான் போக வேண்டும். அதே வழியாக டிக்டொக், இன்ஸ்டகிராம் ஒலித் தொகுப்புகளுக்கும் உங்கள் பாட்டு போய்விடும் என்பதுதான் புதியவருக்கு அதில் கிடைக்கும் உடனடிப் பலன். 2024 முதல், ஒரு வருடத்தில் 1,000 தடவைக்குக் குறைவாகக் கேட்கப்பட்ட பாட்டுக்கு ஸ்பொட்டிபை பணம் தருவதில்லை.

சினிமாப் பாட்டைப் பாடிப் போடுவது

பலர் இப்படித்தான் தொடங்குகிறார்கள், தவறில்லை. தெரிந்த பாட்டு என்றால் மக்கள் நின்று கேட்பார்கள். ஆனால் யூடியூபில் 2007 முதல் இயங்கும் கண்டென்ட் ஐடி என்ற ஏற்பாடு, பாட்டின் உரிமையாளர் கொடுத்த பிரதியோடு புதிய வீடியோக்களை ஒப்பிட்டுப் பார்க்கிறது. பொருந்தினால் விளம்பரப் பணம் உரிமையாளருக்குப் போகலாம், அவர் விரும்பினால் வீடியோவையே மறைத்துவிடலாம். கரோக்கி இசையை எடுத்துப் பாடினால் அந்த இசைப்பதிவுக்கும் ஒரு சொந்தக்காரர் இருப்பார். எனவே ஐந்து சினிமாப் பாட்டுக்கு ஒரு சொந்தப் பாட்டு என்றாவது இடையில் வையுங்கள். இல்லாவிட்டால் வருகிற கூட்டம் அந்தப் பாட்டுகளின் இரசிகர் கூட்டமாகவே நின்றுவிடும்.

மூன்று மாதம் கழித்து

தொடங்கும்போது நீங்கள் போட்ட கணக்கு பிழைத்திருக்கலாம். எல்லாத் தளங்களும் பார்வையாளர் எந்த நாட்டில், எந்த வயதில் இருக்கிறார்கள் என்று காட்டும். யூடியூபில் அது ஸ்டூடியோ செயலிக்குள் இருக்கிறது. யாழ்ப்பாணத்துக்காக எழுதிய பாட்டை மலேசியாவில் அதிகம் கேட்டால் மலேசியாவைக் கவனியுங்கள். வெளியிடும் நேரத்தையும் அதன்படி மாற்றலாம். கொழும்பில் இரவு எட்டு மணி என்றால் சென்னையிலும் எட்டு மணி. கோடையில் லண்டனில் பிற்பகல் மூன்றரை, டொரொண்டோவில் காலை பத்தரை. புதன்கிழமை அந்த நேரத்தில் டொரொண்டோக்காரர் வேலையில் இருப்பார், ஞாயிறு என்றால் வீட்டில் இருப்பார்.

தளங்கள் நிரந்தரமில்லை என்பதையும் கணக்கில் எடுங்கள். ஒரு காலத்தில் இசைக்கலைஞர்களின் தளமாக இருந்த மைஸ்பேஸ், 2003 முதல் 2015 வரை ஏற்றப்பட்ட பாடல்களைச் சேர்வர் மாற்றும்போது இழந்துவிட்டதாக 2019இல் ஒப்புக்கொண்டது. நம் நாட்டிலேயே 2018 மார்ச்சிலும், 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களுக்குப் பின்பும், 2022 ஏப்ரலிலும் சமூக வலைத்தளங்கள் முடக்கப்பட்டன. பாட்டின் மூலப் பதிவு, தனித்தனி டிராக்குகள், வீடியோ எல்லாம் ஹார்ட் டிஸ்க் ஒன்றிலும் வேறோர் இடத்திலும் இருக்க வேண்டும்.

ஆட்களுக்கும் அதே விதிதான். உள்வட்டத்து ஆட்களின் தொலைபேசி இலக்கமோ மின்னஞ்சலோ உங்கள் கையில் இருந்தால், எந்தத் தளம் மூடினாலும் அவர்களைப் பிடிக்கலாம். வட்ஸ்அப்பில் இரண்டு வழி உண்டு. 2023 செப்டெம்பரில் பரவலாக வந்த சேனல் வசதியில் யாரும் சேரலாம், ஒருவர் இலக்கம் மற்றவருக்குத் தெரியாது, ஆனால் அவர்களின் இலக்கம் உங்களுக்கும் தெரியாது. மற்றது, ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் பழைய பிரோட்காஸ்ட் பட்டியல். அதில் ஒன்றுக்கு 256 பேர்தான். உங்கள் இலக்கத்தைத் தங்கள் போனில் சேமித்தவர்களுக்கு மட்டுமே செய்தி போகும். அதனால் நிகழ்ச்சி முடிந்து மேடையை விட்டு இறங்கும்போது செல்ஃபி எடுக்க வருபவர்களிடம், உங்கள் இலக்கத்தை அந்த இடத்திலேயே சேமித்து ஒரு 'ஹாய்' அனுப்பச் சொல்லுங்கள்.